நசுருதீன் ராவுத்தருக்கு வக்கீல் வெச்ச கதை

திவால் ஆனவங்க நெறையப் பேரை எனக்குத் தெரியுமுங்க. பருத்தி விலை விழுந்த அந்த ரெண்டு மூணு வருசத்துல, கோயமுத்தூருல மஞ்சக் கடுதாசி குடுக்காத மண்டிக்காரங்களை விரல் விட்டு எண்ணிப்போடலாம். கோர்ட்டுக்குப் போயி, என்னால ஒருத்தருக்கும் குடுக்க முடியலைங்க, இருக்கறதை எடுத்துப் பங்கு போட்டுக்குங்கன்னு எழுதிக் குடுக்கறதுதான் மஞ்சக் கடுதாசி. சொத்தையெல்லாம் மச்சினன் பேருக்கு மாத்திப்போட்டு, கடுதாசியும் குடுத்துப்போட்டு, மறுநாளே சலவை வேட்டியோட கடைவீதியில வெத்தல மென்னுட்டு நடந்தவங்களையும் பார்த்திருக்கறேன். ஆனா, தான் பாக்கி வெச்ச ஆளோட ஊட்டுக்கே வந்து உக்காந்து, நான் திவால் குடுக்கலாம்னு இருக்கறேன், நல்ல வக்கீலா ஒருத்தரைச் சொல்லுங்கன்னு கேட்டவரு நசுருதீன் ராவுத்தரு ஒருத்தருதான். அவரு கேட்டது என்னையத்தான்.

என்ற பேரு பாலுசாமிங்க. அன்னூருக்கு மேக்க எங்க தோட்டம். கரிசக்காட்டுல பருத்தி போட்டு, பொதி கட்டி, வண்டி பூட்டி ராவுத்தரு மண்டிக்குக் கொண்டு போறது எங்கப்பன் காலத்துலயிருந்து நடந்துட்டிருந்துது. எங்கப்பனுக்கு அவரோட அத்தா, எனக்கு அவரு. அப்படி ரெண்டு தலமொறைப் பழக்கம். இன்னிக்கு இருக்கற கமிசன்காரங்களைப் பாத்தா எனக்கு எரிச்சலா வருது. காடு வெள்ளாமை எப்படின்னு ஒரு வார்த்தை கேக்கறானுகளா? பொதியை இறக்கறதுக்குள்ள, குப்பை இருக்குது, ஈரம் இருக்குதுன்னு ஆரம்பிச்சுப்போடறானுக.

ராவுத்தரு அப்படியில்லீங்க. ஒல்லியா, நெட்டையா இருப்பாரு. தலையில வெள்ளைத் தொப்பி, காதுல அத்தர் பஞ்சு. வண்டி வந்து நின்னா மொதல்ல மாட்டைத்தான் பாப்பாரு. இடப்பக்கத்து மாடு நொண்டுதுங்களே, லாடம் தேஞ்சு போச்சுங்களாம்பாரு. மழையில நனைஞ்சு வந்தமுன்னா புதுச் சாக்கு நாலை எடுத்து மாட்டு முதுகுல போடச் சொல்லுவாரு. அதுக்குப் பொறவுதான் பருத்தியைத் தொடுவாரு. ஒரு கை அள்ளி, இழுத்துப் பாத்துட்டு ஒரு விலை சொன்னாருன்னா அதுதான் விலை. தராசை எங்களையே புடிக்கச் சொல்லிப்போட்டு, அக்கட்டால திரும்பி நின்னுக்குவாரு. மருவாதின்னா அப்படியொரு மருவாதி. வழி மறிச்சுப் படுத்திருக்கற நாயைக்கூட, சித்தே தள்ளிப் படுங்கன்னு சொல்ற ஆளுன்னு நாங்க வண்டிக்காரங்க எல்லாம் அவரைக் கேலி பேசுவோம். அந்த மண்டி வாசல்ல பருத்தி வாசமும் அத்தர் வாசமும் கலந்து ஒண்ணு வருமுங்க. அந்த வாசத்துக்காகவே நான் ஊட்டுல ஆள் இருந்தும் நானே வண்டி ஓட்டிட்டுப் போவேன்.

அப்பறம் வந்துது அந்தக் கெட்ட காலம். ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பதுலயே ஆட்டங் கண்டு, முப்பத்தொண்ணுல விலை குப்புற விழுந்துது. எங்ககிட்ட வாங்கின பொதியையெல்லாம் ராவுத்தரு பம்பாய்க்கு ஏத்தி அனுப்பியிருந்தாரு. அங்க வாங்கினவன் கையை விரிச்சுட்டான். ஒரு மகசூல் பூராவும் போச்சு. என்ற பருத்தியும் அதுலதான் போச்சு. அந்தப் பணத்தை நம்பி நான் கெணறு வெட்டற ஆளுங்களைக் கூட்டியாந்து பாறையில நிறுத்தியிருந்தேன். அவங்க கூலி வரலைன்னு கடப்பாரையைத் தோள்ல வெச்சுட்டுப் போயிட்டாங்க.

அந்தச் சமயத்துலதான் ஒரு நா மத்தியானம் மோட்டார் பஸ்ஸுல வந்து இறங்கி, வேகாத வெயில்ல எங்க தோட்டத்துக்கு நடந்தே வந்தாரு. தண்ணி குடுத்தேன், குடிச்சாரு. மாடு கன்னையெல்லாம் விசாரிச்சாரு. மழை பேஞ்சுதுங்களான்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நம்பிக்கை, பணம் கொண்டாந்திருப்பாரோன்னு. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வாய் தொறந்தாரு.

"கவுண்டரே, உங்களுக்குத்தான் கோர்ட்டு வழக்கம் தெரியும். வரப்பு வழக்குல ஜெயிச்சவரு. எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாதுங்க. நம்பற மாதிரி ஒரு வக்கீலைக் காட்டுங்க."

எதுக்குன்னு கேட்டேன். சொன்னாரு. எனக்கு வந்த கோவத்தைச் சொல்லி மாளாதுங்க. என்ற பருத்தியையும் முழுங்கிப்போட்டு, அதுக்கு மஞ்சக் கடுதாசி குடுக்க வக்கீலும் நானே புடிச்சுக் குடுக்கணுமா, இதென்னங்க நாயம்? அப்படியே கேட்டும்போட்டேன். அதுக்கு அவரு, யாருகிட்டக் கேட்டாலும் அவங்க எனக்குத் தோதான வக்கீலைத்தான் சொல்லுவாங்க, நீங்க சொன்னீங்கன்னா அது நாயமான ஆளா இருக்கும், உங்க பணமும் அதுல இருக்குதில்லீங்களான்னாரு. கோயமுத்தூருக்குக் கூட வாரேனுங்கன்னு சொல்லிப்போட்டேன். உள்ள என்ற ஊட்டுக்காரி தெய்வாத்தா செம்பை ணங்குன்னு கீழ வெச்ச சத்தம் கேட்டுது.

அவரு போனதுக்கு அப்பறம் அவ என்னைய ஒரு வாங்கு வாங்கினா. பாதிக் கெணறு வாயைப் பொளந்துட்டுக் கெடக்குது, நீங்க ஊரான் திவாலுக்கு வண்டி கட்டறீங்களாக்கும்னா. நான் எந்திரிச்சு மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போயிட்டேன். வேற என்ன பண்றது, வாரேனுங்கன்னு சொல்லிப்போட்டேனே.

ரெண்டு பேரும் கோயமுத்தூருல மொதல்ல போனது ஒரு பெரிய வக்கீலுகிட்ட. பேரு வேண்டாம். அந்தாளு ராவுத்தரை மேலயும் கீழயும் பாத்தாரு. கூட வந்த நான் யாருன்னு கேக்கக்கூட இல்லை, சொந்தக்காரன்னு நெனச்சுப்போட்டாரு. கோட்டைமேட்டுல இருக்கற ஊட்டை ஒரு வருசம் முன்தேதி போட்டு யாரு பேருக்காச்சும் எழுதிரலாம், மண்டியில இருக்கற சாக்கு, தராசெல்லாம் ராவோட ராவா அப்புறப்படுத்திருங்க, இந்தப் பட்டிக்காட்டானுகளுக்கு என்ன தெரியப் போவுதுன்னாரு. பட்டிக்காட்டான் அங்க பக்கத்து நாற்காலியில உக்காந்துட்டுக் கேட்டுட்டிருக்கறேன். ராவுத்தரு எந்திரிச்சாரு. ரொம்பப் பணிவா, போயிட்டு வாரேனுங்கன்னு சொல்லிப்போட்டு வெளிய வந்துட்டாரு. தெருவுக்கு வந்து, கவுண்டரே, மன்னிச்சுக்குங்க, உங்களை வெச்சுட்டு இப்படிப் பேசிட்டாருன்னாரு. அந்தாளு பேசினதுக்கு இவரு மன்னிப்புக் கேக்கறாரு, பாருங்க.

அடுத்தாப்புல என்ற வரப்பு வழக்கை நடத்தின வெள்ளியங்கிரி வக்கீலுகிட்டக் கூட்டிட்டுப் போனேன். நம்ம பக்கத்துக்காரருதான், பெரியநாயக்கன்பாளையம். மூக்குப்பொடி போடுவாரு, முகத்துல சிரிப்பே வராது, ஆனா பொய் சொல்ல மாட்டாரு. ரெண்டு பேரும் யாருன்னு மொதல்லயே கேட்டுக்கிட்டாரு. இவரு கடன் பட்டவரு, நான் குடுத்தவன்னு சொன்னதும் பொடி டப்பாவை மூடிப்போட்டு எங்களை மாத்தி மாத்திப் பாத்தாரு. என்ற சர்வீசுல இந்த ஜோடியை இப்பத்தான் பாக்கறேன்னாரு.

பீசுன்னு பேச்சு வந்துது. ராவுத்தரு சட்டைப் பையில கையை விட்டாரு, அங்க ஒண்ணுமில்லைன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வக்கீலுக்கும் தெரியும். திவால் குடுக்க வர்றவங்ககிட்ட மொதல்லயே பீசை வாங்கிரோணும், இல்லைன்னா நானும் பாக்கி வரவேண்டியவங்க வரிசையில போயி நிக்கோணும்னாரு வக்கீலு. அவரு சொன்னதும் வாஸ்தவந்தானுங்களே. ஆடு வித்த காசு என்ற மடியில இருந்துது. எடுத்து மேசை மேல வெச்சேன். என்னைய ஏமாத்தினவருக்கு, என்ற காசுலயே திவால் குடுக்க வக்கீல் வெச்சவன் இந்தச் சீமையில நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். ஏமாத்தினவருன்னு கோவத்துல சொல்றேனுங்க, அவரு ஏமாத்தலை. இதைத் தெய்வாத்தாகிட்டச் சொன்னப்போ அவ சிரிக்கவும் முடியாம, திட்டவும் முடியாம மொகத்தைத் திருப்பிக்கிட்டா.

வக்கீலு ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதிட்டு வந்தாரு. யாராருக்குக் குடுக்கோணும், மண்டியில என்ன இருக்குது, ஊடு யாரு பேருல. மண்டி வாடகை ஊடு. சொந்தமுன்னு இருக்கறது கோட்டைமேட்டு ஊடு ஒண்ணுதான். அதுலதான் அவரும், அவரு சம்சாரம் உம்மல் குல்சும் அம்மாவும், ஜன்னத்துன்னு மூத்தவளோட சேத்து மூணு பொண்ணுங்களும் இருக்கறாங்க. மஞ்சக் கடுதாசி குடுத்தா ரிசீவருன்னு சர்க்காரு ஆளு ஒருத்தரு வந்து, ஊட்டை ஏலம் போட்டு, பாக்கிக்காரங்களுக்குப் பங்கு பிரிப்பாரு. பொண்ணுங்களோட தெருவுல நிக்கோணும். அதை வக்கீலு சொல்லறப்போ ராவுத்தரு தலையைக் குனிஞ்சுட்டே கேட்டாரு.

சித்தே நேரம் கழிச்சு வக்கீலு கேட்டாரு, உங்க சம்சாரத்துக்கு மகர் குடுத்தாச்சுங்களான்னு. துலுக்கமாருல, கல்யாணத்தப்போ மாப்பிள்ளை பொண்ணுக்கு இவ்வளவு தாரேன்னு ஒரு தொகை ஒத்துக்கோணும். அதுதான் மகர். உடனே குடுத்தாலும் சரி, பின்னால குடுத்தாலும் சரி, அது பொண்ணுக்குச் சேர வேண்டிய கடன். ராவுத்தரு குடுக்கலைன்னாரு. வக்கீலு நிமிந்து உக்காந்தாரு. அப்ப உங்க சம்சாரமும் உங்களுக்குக் கடன் குடுத்தவங்கதான், அவங்க தொகையையும் சேத்து எழுதோணும், அது பெரிய தொகையா இருந்தா பெரும் பங்கு அவங்களுக்கே வரும், அதை வெச்சு ஊட்டை அவங்களே எடுத்துக்கலாம், கொறையறதுக்கு அண்ணந்தம்பி யாராச்சும் கை குடுப்பாங்கன்னாரு.

ராவுத்தரு மொகம் செவந்து போச்சுங்க. "ஊட்டுக்காரியைக் கொண்டு போயி கடன்காரங்க வரிசையில எப்படீங்க நிறுத்தறது?"

ஒருத்தரை விட்டுப்போட்டு எழுதினாலும் அது பொய்க் கணக்குத்தான்னு வக்கீலு கண்டிசனாச் சொல்லிட்டாரு. அப்பறம் இன்னொரு கேள்வி கேட்டாரு. மகர் எவ்வளவுன்னு பேசினதுக்கு, சொந்தபந்தம் இல்லாத வெளியாளு யாராச்சும் சாட்சி உண்டுங்களா? சொந்தக்காரங்க சொன்னா, ஊட்டைக் காப்பாத்தச் சோடிச்ச கதைம்பாங்க.

ராவுத்தரு கல்யாணத்துக்கு எங்கப்பனோட நான் போயிருந்தேனுங்க. மீசை மொளைச்ச வயசு. பந்தல்ல முன்னாடியே எங்களுக்குப் பாய் போட்டு உக்கார வெச்சிருந்தாங்க. ராவுத்தரு தலையில இருந்து பூச்சரம் மொகத்தை மூடித் தொங்குது. நிக்காஹ் நடத்தி வெக்கற பள்ளிவாசல் அசரத்து எந்திரிச்சு, பொண்ணு பேரு, அவங்க அத்தா பேரு சொல்லி, நூறு பவுன் மகருக்கு உங்களுக்குச் சம்மதமான்னு ஊருக்கே கேக்கற மாதிரி கேட்டாரு. பொண்ணு ஊடு பெரிய எடம், அதனாலதான் அவ்வளவு. எங்கப்பன் என்ற காதுல, நூறு பவுனாடான்னு வாயைப் பொளந்தாரு. பூவுக்குள்ள இருந்து சம்மதமுன்னு ராவுத்தரோட குரல் வந்துது. அன்னிக்கு அந்தக் குரல்ல எவ்வளவு சந்தோசமுங்கறீங்க. இன்னிக்கும் எனக்கு அது கேக்குது.

எனக்குத் தெரியுமுன்னு ராவுத்தருக்கும் தெரியும். ஆனா அவரு என்னையத் திரும்பிக்கூடப் பாக்கலை. என்ற பங்கு கொறையுமே, அதை எப்படி அவரு வாயால கேப்பாரு? அந்த மருவாதிதான் என்னைய எப்பவும் கொல்றது. நானே சொன்னேன், நான் கேட்டேனுங்கன்னு. வக்கீலு, சாட்சி சொன்னீங்கன்னா உங்க கையில ஒண்ணும் மிஞ்சாது, ரோசனை பண்ணிக்குங்கன்னாரு. ரோசனை பண்ணினா வேற சொல்லிப்போடுவேன், எழுதிக்குங்கன்னேன்.

ராவுத்தரு ஊட்டுக்குப் போயி சம்சாரத்துகிட்டக் கேட்டுட்டு வந்தாரு. அந்தம்மா, பொண்ணுங்களுக்கு ஒரு கூரை வேணுமே, எழுதுங்கன்னு சொல்லிட்டாங்களாம். வெள்ளியங்கிரி வக்கீலு கடுதாசியைத் தாக்கல் பண்ணினாரு. ஊரே சிரிச்சுது. பொண்டாட்டிகிட்டக் கடன் வாங்கி திவாலான மொத ஆம்பளைன்னு மண்டிக்காரங்க பேசிக்கிட்டாங்க. அதுல ஒருத்தனை நான் சட்டையைப் புடிச்சுட்டேன்.

விசாரணை ரிசீவரோட பங்களாவுல. குல்சும் அம்மா கோஷா, ஆம்பளைங்க முன்னால வர மாட்டாங்க. அதனால ஜட்கா வண்டியிலயே, சுத்தியும் துணி கட்டி, வராண்டாவை ஒட்டி நிறுத்தியிருந்தாங்க. உள்ள ஜன்னத்தும் கூட இருந்துது. பாக்கிக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. அதுல வட்டிக்கு விடற ஒருத்தரு தனியா வக்கீல் வெச்சிருந்தாரு, மகருங்கறதே கட்டுக்கதைன்னு ஒடைக்கறதுக்கு.

என்னைய மொதல்ல கூப்பிட்டாங்க. பாத்ததைச் சொன்னேன். அந்த வட்டிக்காரரு வக்கீலு என்னைய மடக்கப் பாத்தாரு. நீயும் பாக்கிக்காரன்தானே, இந்த மகர் நின்னா உனக்கு ஒண்ணும் வராது, அது தெரியுமான்னாரு. தெரியுமுங்கன்னேன். கெணறு பாதியில நிக்குதாமே, அப்பறம் எதுக்கு இந்தச் சாட்சி, உனக்கு என்ன குடுத்தாங்கன்னாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிப்போச்சு.

"காதுல கேட்டதைக் கேக்கலைன்னு எப்படீங்க சொல்றது? எனக்கும் பணம் வேணுந்தானுங்க. அதுக்காக அந்தப் பந்தலே இல்லைன்னு சொல்லிப்போடட்டுங்களா?"

ரிசீவரு போதும்னு கை காட்டினாரு. வெள்ளியங்கிரி வக்கீலு பொடி டப்பாவைத் தொறந்தாரு, அப்படின்னா ஜெயிச்சாச்சுன்னு அர்த்தம். எனக்கு அது தெரியும். போனாப் போவுது பணம், மூணு பொண்ணுங்க தெருவுக்கு வராதுன்னு நெனச்சுட்டு மூச்சு விட்டேன்.

ரிசீவரு எந்திரிச்சு ஜட்காகிட்டப் போனாரு. நாங்களும் பின்னாலயே போயி நின்னோம். அம்மா, நூறு பவுன் மகர் உங்களுக்கு வரவேண்டியதுதானா, அதை நீங்க கேக்கறீங்களான்னு கேட்டாரு. ஒரு வார்த்தை, ஆமாங்கன்னா முடிஞ்சுது. துணிக்குள்ள இருந்து மெதுவா குரல் வந்துது, இல்லீங்க, அதை நான் மன்னிச்சுட்டேனுங்கன்னு.

வெள்ளியங்கிரி வக்கீலு பதறிப்போயி, எப்பம்மா மன்னிச்சீங்கன்னாரு.

"இப்பத்தானுங்க."

நான் ராவுத்தரைத் திரும்பிப் பாத்தேன். அந்த மனுசன் தொப்பியைக் கழட்டிக் கையில புடிச்சுட்டு, அந்தத் துணியையே பாத்துட்டு நின்னாரு. அவருக்கும் அப்பத்தான் தெரிஞ்சிருக்குது. மகரை மன்னிக்கறது அந்தப் பொம்பளையோட உரிமை, அதுக்கு மேல ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாது.

ஊடு ஏலம் போச்சு. பங்கு வந்துது, என்ற கெணத்துக்குப் பாறை ஒடைக்க அது போதுமாத்தான் இருந்துது. தெய்வாத்தா அதைக் கையில வாங்க மாட்டேன்னுட்டா. ராவுத்தரு குடும்பத்தோட போத்தனூருல ரயிலடிப் பக்கம் ஒத்தை ரூமுக்குக் குடி போயிட்டாரு. இன்னொருத்தன் மண்டியில கணக்கு எழுதப் போனாரு. அவரைக் கும்புட்டுட்டு நின்ன பையனுககிட்டயெல்லாம் இவரு போயிக் கைகட்டி நின்னாரு. எனக்குக் கோவமான கோவம். ஆறு மாசம் அந்தப் பக்கமே போகலை.

அப்பறம் கெணத்துல தண்ணி கண்ட அன்னிக்கு மனசு பொறுக்காம போத்தனூருக்குக் கெளம்பிட்டேன். ராவுத்தரு வேலைக்குப் போயிருந்தாரு. கதவு பாதி சாத்தியிருந்துது. வெளிய நின்னுட்டே, பாலுசாமி வந்திருக்கறேன்னேன். உள்ள இருந்து, வாங்கண்ணான்னு குரல் வந்துது. ஜன்னத்து ஒரு முக்காலி கொண்டாந்து போட்டுது. நான் உக்காரலை.

வந்த கோவத்துல கேட்டுப்போட்டேன். நான் எனக்கு நட்டம் வந்தாலும் பரவால்லைன்னு அத்தனை பேரு முன்னால சாட்சி சொன்னேன், ஊரு பேச்செல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டேன், ஊடு நின்னுருச்சுன்னு நெனச்சேன், நீங்க ஒரே வார்த்தையில அதை மண்ணாக்கிப்போட்டீங்களே அம்மணி, ஊட்டுல கேட்டப்போ எழுதுங்கன்னு சொன்னவங்க, அங்க வந்து ஏனுங்க அப்படிச் சொன்னீங்கன்னு.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குல்சும் அம்மா பேசினாங்க.

"எழுதுங்கன்னுதானுங்கண்ணா சொன்னேன். வாங்கிக்கலாம்னுதான் வந்தேன். வண்டிக்குள்ள உக்காந்து நீங்க சொன்னதைக் கேட்டனுங்க. அதுக்கப்பறம் உங்க பங்குக்கு எனக்குக் கை நீட்ட முடியலீங்க."

எனக்கும் பணம் வேணுந்தான்னு மட்டும் நான் அங்க சொல்லாம இருந்திருந்தா, அந்தம்மா ஆமாங்கன்னு சொல்லியிருப்பாங்க. மூணு பொண்ணுங்களும் கோட்டைமேட்டுலயே இருந்திருக்கும். மோட்டாருக்கு நேரமாச்சுங்க அம்மணி, வாரேனுங்கன்னு மட்டும் சொன்னேன். ரயிலடி ரோட்டுக்கு வந்து, ஒரு மரத்தடியில நின்னு, ஆம்பளைன்னும் பாக்காம அழுதேன்.